‘இயேசுவின் நாமத்தில்’ என்று முடிக்காவிட்டால் ஜெபம் கேட்கப்படாதா?

சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது. அவர்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு வாலிபப் பையன் ஜெபித்துவிட்டு வெறும் ‘ஆமென்’ என்று முடித்திருக்கிறான். ‘இயேசுவின் நாமத்தில்’ என்று சொல்லாததால் அந்த ஜெபம் பிதாவிடம் போய்ச் சேராது என்று மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். அது சரியா என்பது முதல் கேள்வி. தன் அப்பா ஐசியுவில் இருந்த நாட்களில் ஒரு ஜெபத்தைக்கூட அந்த நாமத்தைச் சொல்லாமல் தான் முடித்ததில்லை என்றும், அப்படியும் அப்பா பிழைக்கவில்லை என்றும் எழுதுகிறார். ‘என் நாமத்தினாலே நீங்கள் எதைக் கேட்டாலும் அதை நான் செய்வேன்’ (யோவான் 14:14) என்ற வசனத்தை இனி எப்படி வாசிப்பது என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அந்த மூத்தவர் சொன்னது சரியில்லை. பையனை எல்லார் முன்னாலும் திருத்தியது அதைவிடச் சரியில்லை. இரண்டாவது கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அதற்கு, அந்த நாமத்தில் ஜெபிப்பது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினால்தான் சரிவரும்.

வேதாகமத்தில் இருக்கிற ஜெபங்களை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் தாமே கற்றுக்கொடுத்த ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபத்தில் இயேசுவின் பெயரே வராது. அந்த மூத்தவரும் அதை ஆராதனையில் எத்தனையோ தடவை சபையோடு சேர்ந்து சொல்லியிருப்பார். அது போய்ச் சேரவில்லை என்று அவர் நினைக்கமாட்டார். ஸ்தேவான் கல்லெறியப்படும்போது, ‘கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்’ என்று நேரடியாக இயேசுவையே கூப்பிட்டான். அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் சபையார் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள். அங்கே இயேசுவின் நாமம் வருகிறது. ஆனால் வழக்கமான முடிவுரையாக வரவில்லை, அற்புதங்கள் அந்த நாமத்தினாலே நடக்கவேண்டும் என்ற வேண்டுதலுக்குள்ளே வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. லித்தா ஊரில் எட்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்த ஐனேயாவிடம் பேதுரு, ‘இயேசுகிறிஸ்து உன்னைக் குணமாக்குகிறார்’ என்று பெயர் சொல்லிப் பேசுகிறான். அங்கிருந்து பக்கத்திலிருக்கிற யோப்பாவுக்குப் போகிறான். தபீத்தாள் இறந்து கிடக்கிறாள். அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் காட்டிக் காட்டி அழுகிறார்கள். பேதுரு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, ‘தபீத்தாளே, எழுந்திரு’ என்கிறான். நாமத்தைச் சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை. ஆள் அதே பேதுரு. இரண்டு இடத்திலும் இயேசுவின் நாமத்தில்தான் அவன் நிற்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே நாமத்தில் ஜெபிப்பது வாயிலிருந்து வருகிற சொற்றொடரைவிடப் பெரிய ஒரு காரியமாக இருக்கவேண்டும்.

அது என்ன என்று பார்க்க நான் ஒன்று சாமுவேல் 25-ஆம் அதிகாரத்துக்குப் போவேன். தாவீது இன்னும் ராஜா ஆகவில்லை. சவுலுக்குத் தப்பி வனாந்தரத்தில் அலைகிற காலம். கர்மேலில் நாபால் என்ற செல்வந்தனுக்கு ஆட்டுமயிர் கத்தரிப்பு நடக்கிறது. அவனுக்கு மூவாயிரம் செம்மறியாடும் ஆயிரம் வெள்ளாடும் உண்டு. தாவீது பத்து வாலிபரை அவனிடம் அனுப்புகிறான். அவர்கள் போய் ‘தாவீதின் நாமத்தினாலே’ பேசுகிறார்கள். அந்தப் பத்துப் பேரின் ஊரோ பேரோ நமக்குத் தெரியாது, நாபாலுக்கும் தெரியாது. அவன் மறுக்கும்போதும், ‘தாவீது என்பவன் யார்?’ என்றுதான் கேட்கிறான். செய்தி காதில் விழுந்ததும் தாவீது அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

இங்கே இரண்டு காரியங்கள் தெரிகின்றன. கேட்கிறவனுடைய தகுதி அங்கே எடைபோடப்படவில்லை. யார் பேரைச் சொல்லி வந்தானோ அவருக்கு இருக்கிற மதிப்புத்தான் கணக்கு. கூடவே, அந்த வாலிபர் தாவீது சொல்லி அனுப்பியதைச் சொன்னார்களே தவிர, வந்ததுதான் வந்தோம் என்று தங்களுக்கென்று தனியாக எதையும் கேட்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்னொருவர் நாமத்தில் கேட்பது. முதலாவது நமக்கு ஆறுதல், இரண்டாவது நமக்குக் கடிவாளம். நம் பிரசங்கங்கள் பலவற்றில் கடிவாளத்தைச் சொல்லிச் சொல்லி ஆறுதலைத் தொலைத்துவிடுகிறோம். சில மேடைகளில் கடிவாளமே கிடையாது. இரண்டிலும் பாதிக்கப்படுவது இந்தச் சகோதரியைப் போன்றவர்கள்தான்.

ஆறுதலை முதலில் பார்ப்போம். சிலுவைக்கு முந்தின இரவில்தான் இயேசு இந்த நாமத்தைப் பற்றி இத்தனை தடவை பேசுகிறார். யோவான் 14, 15, 16 என்று மூன்று அதிகாரத்திலும் அது வருகிறது. ‘இதுவரைக்கும் நீங்கள் என் நாமத்தினாலே ஒன்றும் கேட்கவில்லை’ என்கிறார். மூன்று வருஷம் அவரோடு சாப்பிட்டு, நடந்து, தூங்கினவர்களிடம் சொல்கிறார். அதுவரை அவர்கள் ஜெபிக்காமலா இருந்தார்கள்? யூதர்களாக, சங்கீதங்களைச் சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் குமாரனுடைய இடத்தில் நின்று பிதாவிடம் பேசுவது அவர்களுக்குப் புதிது. அவருடைய மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் அப்புறம்தான் அந்த வாசல் திறக்கப்போகிறது.

இரண்டு வசனம் தள்ளி அவர் சொல்வதைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ‘உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேனென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை’ என்கிறார். காரணம்: ‘பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்.’ மனமில்லாத ஒரு பிதாவை இயேசு சிபாரிசு செய்து சம்மதிக்க வைக்கிறார் என்ற படம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் படத்தை இயேசுவே இங்கே கிழித்துப்போடுகிறார். அவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்பது உண்மை. எபிரெயர் 7:25-உம் ரோமர் 8:34-உம் அதைச் சொல்கின்றன. ஆனால் அந்த வேண்டுதலே பிதாவின் அன்பிலிருந்துதான் புறப்படுகிறது. குமாரனை நமக்காக அனுப்பியவர் அவர்தானே.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய உடுப்பைப் பற்றி வரும் பகுதியை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஏபோத் என்ற அந்த மேலுடுப்பின் இரண்டு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரப் பெயர்கள் முத்திரை வெட்டுவதுபோல வெட்டப்பட்டிருக்கும். மார்ப்பதக்கத்தில் மூன்று மூன்றாக நான்கு வரிசை, பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு பெயர்கள். ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்துகொண்டு போவான். ரூபன், சிமியோன் கோத்திரத்தான் யாரும் உள்ளே போக முடியாது. அவன் பெயர் போகும். எபிரெயருக்கு எழுதின நிருபம் இயேசுவைப் பிரதான ஆசாரியர் என்று சொல்லும்போது இந்த வழக்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. நம் பெயரைச் சுமந்துகொண்டு அவர் உள்ளே போயிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாமும் ‘தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே’ போகலாம். சகோதரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் நீங்கள் ஜெபித்தபோது, சொல் தடுமாறி அழுகை மட்டும் வந்த நேரங்களில்கூட, அந்த நாமத்தில்தான் நின்றீர்கள். என்ன வேண்டிக்கொள்வதென்று நாம் அறியாமல் இருக்கும்போது ஆவியானவர் ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அந்தப் பெருமூச்சின் முடிவில் யாரும் சொற்றொடரைத் தேடமாட்டார்கள்.

சரி, கடிவாளத்துக்கு வருவோம். இன்னொருவர் பெயரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தின கதையும் வேதாகமத்தில் இருக்கிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தின்மேல் ராஜாவாகிய ஆகாப் ஆசைப்பட்டான். கிடைக்கவில்லை என்று படுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான். அவன் மனைவி யேசபேல் ஆகாபின் பெயரால் நிருபங்களை எழுதி, ராஜாவின் முத்திரையைப் போட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். பெயர் சரி, முத்திரை சரி. ஒரு நீதிமானைக் கொல்ல அது பயன்பட்டது. அப்போஸ்தலர் 19-இல் எபேசுவில் ஸ்கேவா என்ற ஆசாரியனுடைய ஏழு குமாரர், ‘பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில் உங்களுக்கு ஆணையிடுகிறோம்’ என்று பிசாசு பிடித்த ஒருவனிடம் போனார்கள். பவுல் சொல்லி வேலை செய்கிறதே, நாமும் சொல்லிப் பார்ப்போம் என்ற கணக்கு. ‘இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?’ என்று பதில் வந்தது. காயப்பட்டு, உடுப்பில்லாமல் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். எபேசு மந்திரச் சுவடிகளுக்குப் பெயர்போன பட்டணம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மனந்திரும்பினவர்கள் கொண்டுவந்து எரித்த புத்தகங்களின் விலை மட்டும் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. சரியான பெயரைச் சரியான விதத்தில் உச்சரித்தால் காரியம் நடக்கும் என்பது அந்தச் சுவடிகளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இயேசுவின் நாமத்தோடு ஒட்டவைக்கக்கூடாது என்பதற்காகவே அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதின லூக்கா இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

அந்த மூத்தவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நாமம் சொன்னால் போகும், சொல்லாவிட்டால் திரும்பி வரும் என்றால் அந்த எபேசுச் சுவடிகளின் பக்கம்தான் போய் நிற்போம்.

‘எதைக் கேட்டாலும்’ என்ற சொல்லைக் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை என்று மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தொகையை நாம் நிரப்பிக்கொள்ளலாமாம். அதற்கு முந்தின வசனத்தை அவர்கள் வாசிப்பதில்லை: ‘குமாரனில் பிதா மகிமைப்படும்படியாக, அதைச் செய்வேன்.’ அடுத்த அதிகாரத்தில், ‘நீங்கள் என்னிலும், என் வார்த்தைகள் உங்களிலும் நிலைத்திருந்தால்’ என்று வருகிறது. தாம் போனபின் தம்முடைய வேலையைத் தொடரப்போகிற சீஷர்களுக்கு, அந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும் என்று கொடுத்த வாக்கு அது. யோவானே பிற்பாடு தன் நிருபத்தில், ‘அவருடைய சித்தத்தின்படி கேட்டால்’ என்று தெளிவாக எழுதுகிறான். இந்த யோவான்தான் முன்பு ஒரு நாள் தன் சகோதரன் யாக்கோபோடு சேர்ந்து, இயேசுவை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடட்டுமா என்று கேட்டவன். அவருக்காகத்தான் கேட்டான், அவர் பெயர் அவமானப்பட்டது என்ற கோபத்தில் கேட்டான். இயேசு திரும்பிப் பார்த்து அதட்டினார். இயேசு கையெழுத்துப் போடாத கோரிக்கைகள் உண்டு என்பதை அன்றே கற்றுக்கொண்டவன் எழுதின வசனம் இது.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. அப்பா பிழைக்க வேண்டும் என்று கேட்டது அந்தச் சமாரியக் கோரிக்கையைப் போன்றதா? நிச்சயமாக இல்லை. வியாதிப்பட்டவர்களைப் பார்த்து மனதுருகின இயேசு, லாசருவின் கல்லறையில் கண்ணீர்விட்ட இயேசு, ஒரு மகள் தன் அப்பாவுக்காகக் கேட்டதைத் தன் பெயரில் கேட்கக்கூடாதது என்று தள்ளமாட்டார். கேட்டது சரி. நாமத்தையும் சரியாகவே பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அப்படியும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். முக்கியமாக, உங்கள் விசுவாசம் குறைவு என்றோ, நாமத்தை அதிகாரத்தோடு சொல்லவில்லை என்றோ யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றாதீர்கள்.

பவுலைப் பாருங்கள். எபேசுவில் அவன் மேனியில்பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று லூக்கா எழுதுகிறார். அதே பவுல் தன் கடைசி நிருபத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். துரோப்பீமு யார்? எபேசு பட்டணத்தான், பவுலோடு எருசலேம் வரை போனவன். முன்பின் தெரியாதவர்களுக்குக் கிடைத்த சுகம், கூடவே பிரயாணம் செய்தவனுக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. பவுல் அதற்கு விளக்கமும் எழுதவில்லை, துரோப்பீமுவைக் குறையும் சொல்லவில்லை. தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக அவனே மூன்று தடவை கேட்டான்; ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்றுதான் பதில் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே கெத்செமனே. ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்’ என்று குமாரனே கேட்டார். நாமத்துக்கு உரியவரே கேட்டது. பாத்திரம் நீங்கவில்லை. ‘ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது’ என்பதை அவர் முதலிலேயே சொல்லிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தமக்கு வேண்டியதை முதலில் சொன்னார், அப்புறம்தான் ஒப்புக்கொடுத்தார். அவர் நாமத்தில் ஜெபிக்கிற நாமும் ஆசையை மறைத்துவிட்டு ‘உம்முடைய சித்தம்’ என்று பாதுகாப்பாகத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டே அங்கே போய்ச் சேரலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். ‘இந்த வேலை எனக்குக் கிடைக்கும்படி இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன்’ என்று ஜெபிப்பது இப்போது பல கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. எருசலேம் தேவாலயத்தின் அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணியிடம் பேதுரு, ‘நசரேயனாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே நீ எழுந்து நட’ என்றான். பிலிப்பியில் குறிசொல்லும் ஆவியைப் பவுல் அதே நாமத்தினால் துரத்தினான். அவை ஒரு மனிதனிடமும் ஒரு ஆவியிடமும் பேசிய வார்த்தைகள். பிதாவிடம் பேசும்போது அப்போஸ்தலர் யாரும் கட்டளையிடவில்லை, கேட்டார்கள். சப்பாணி நடந்ததைக் கண்டு கூட்டம் ஆச்சரியப்பட்டு ஓடிவந்தபோது பேதுரு சொன்ன முதல் காரியமே, எங்கள் சொந்தச் சக்தியினாலோ பக்தியினாலோ இவனை நடக்க வைக்கவில்லை என்பதுதான்.

அப்படியானால் ஜெப முடிவில் அந்த வாக்கியத்தைச் சொல்லும் வழக்கம் வீணா? இல்லவே இல்லை. அதற்குப் பழமையான வேர் இருக்கிறது. அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறைகளின் நன்றி ஜெபங்களிலேயே ‘இயேசுவின் மூலமாய்’ என்று வருகிறது. 393-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் கூடின ஆயர் மன்றம், திருப்பந்தியில் ஏறெடுக்கும் ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தது. அதற்குச் சற்று முன்னால், சுமார் 375-இல், இன்றைய துருக்கியில் இருக்கிற கப்பத்தோக்கியாவில் ஆயராக இருந்த பசிலியுஸ், ‘குமாரன் மூலமாய்’ என்றும் ‘குமாரனோடு’ என்றும் இரண்டு விதமாகவும் துதி சொன்னதற்காகக் குற்றம்சாட்டப்பட்டார். ‘மூலமாய்’ என்ற சொல்லைக் காட்டிக் குமாரன் பிதாவைவிடத் தாழ்ந்தவர் என்று வாதித்தவர்கள் அன்று இருந்தார்கள். இரண்டும் சரி, குமாரனால் நமக்குக் கிடைத்ததை நினைக்கும்போது ‘மூலமாய்’, அவருக்குரிய மகிமையை நினைக்கும்போது ‘அவரோடு’ என்று விளக்கி ஒரு நூலே எழுதினார். இன்றைக்கும் கத்தோலிக்கத் திருப்பலியில், ‘எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம்’ என்று கேட்கலாம். ‘இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே’ என்று நம் வீடுகளில் சொல்வதும் அதே வரிசையில் வருவதுதான். அதில் ஜெபத்தின் போக்கே அடங்கியிருக்கிறது: யாரிடம் பேசுகிறோம், யார் மூலமாகப் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது நல்லது. வேகவேகமாக ஓட்டிவிட்டு ஆமென் சொல்லும்போதுதான் அது வெறும் சொற்றொடராகத் தேய்ந்துபோகிறது.

நடைமுறையில் நான் சொல்வது ஒன்றுதான். முடிவில் சொல்லும் அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நாளைக்கு ஆரம்பத்தில் சொல்லிப் பாருங்கள். ‘பிதாவே, இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்’ என்று தொடங்கிவிட்டு, அப்புறம் மனதில் இருப்பதைப் பேசுங்கள். அப்பாவைப் பற்றிய வருத்தத்தையும், ஏன் என்ற கேள்வியையும், கோபம் இருந்தால் அதையும் அந்த நாமத்திலேயே கொண்டுபோகலாம். சங்கீதக்காரர்கள் அதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். அந்த மூத்தவரோடு வாக்குவாதம் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் அந்தப் பையனையே ஜெபிக்கச் சொல்லுங்கள்.